உண்ணிச்செடியை எரித்தால் காடு பிழைக்குமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் உங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. அதன் ஒரு பக்க எல்லை காடு. அந்த எல்லை நெடுக ஆள் உயரத்துக்கு மேல் லண்டானா எனப்படும் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. மாசி பிறந்தால் மேலே எங்காவது புகை தெரிகிறது. "எரிவது பெரும்பாலும் இந்தக் களைதானே, எரிந்து ஒழியட்டும் என்று விட்டால் என்ன? வனத்துறை ஏன் ஹெலிகாப்டர் வாங்கி நிறுத்துவதில்லை? வெளிநாட்டிலிருந்து வந்த களைக்கும் பூச்சிக்கும் மருந்தடித்துக் கதையை முடிக்க முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாகக் கேட்டாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: தீயும் வந்தேறிக் களையும் ஒன்றையொன்று அழிக்குமா, வளர்க்குமா? பெரும்பாலும் வளர்க்கும் என்பது என் அனுபவம். அது எப்படி என்று சொல்லிவிட்டு உங்கள் வேலிக்கு வருகிறேன்.

நான் வனவராகச் சேர்ந்து வனச்சரகராக ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு ஆண்டுப் பணியில் பெரும்பகுதி நீலகிரியின் வடக்குச் சரிவிலும் சத்தியமங்கலம் பக்கத்திலும் உள்ள இலையுதிர் காடுகளில் கழிந்தது. ஆகவே நான் உறுதியாகப் பேசக்கூடியது அந்தக் காட்டைப் பற்றித்தான். சோலைக்காட்டின் கணக்கு வேறு. பூச்சிகளைப் பற்றிப் பயிற்சிக் கல்லூரியில் படித்ததும், களத்தில் பூச்சியியல் வல்லுநர்களோடு நடந்து கேட்டறிந்ததுமே எனக்குத் தெரியும். அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் தீ. நம் இலையுதிர் காட்டில் தை முடிவதற்குள் மரங்கள் பாதிக்கு மேல் இலையை உதிர்த்துவிடும். சருகு கணுக்கால் அளவு கிடக்கும், இடையிடையே காய்ந்த புல். இதில் பிடிக்கும் தீ வழக்கமாகத் தரையோடு ஊரும், முழங்கால் உயரம் எழுந்தால் அதிகம். வேங்கை, கருமருது, வெக்காலி போன்ற மரங்கள் இந்தத் தீயோடு வாழப் பழகியவை. கருமருதின் பட்டை முதலை முதுகைப் போலப் பிளந்து தடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல்பட்டை கருகினாலும் உள்ளே உயிர் இருக்கும் பகுதிக்குச் சூடு எளிதில் போகாது. இத்தகைய தீயை இரண்டு பேர் பச்சைத் தழைக்கொத்தால் அடித்து ஒரு பக்கத்தை அணைத்துவிட முடியும். நானே எத்தனையோ முறை அடித்திருக்கிறேன்.

அதே தீ உண்ணிப் புதருக்குள் நுழைந்தால் நிலைமை மாறிவிடுகிறது. உண்ணிச்செடியின் உட்பகுதி முழுக்கக் காய்ந்த குச்சி. மேலே பச்சை இலை இருந்தாலும் கீழே விறகுக்கட்டு போலத்தான் இருக்கும். இலையில் எண்ணெய்ச் சத்தும் உண்டு. அது மரத்தைப் பிடித்து ஏறும் செடி என்பதால் தரையில் ஊர்ந்த தீக்கு ஏணி கிடைத்தது போலாகிறது. பட்டாசுச் சரம் வெடிப்பது போன்ற சத்தம் வரும். சில நொடிகளில் சுடர் இரண்டு ஆள் உயரம் தாண்டும். அதற்குப் பிறகு தழைக்கொத்தோடு அருகில் நிற்க முடியாது. முகம் வெந்துவிடும். பட்டை தடித்த மரமும் அந்தச் சூட்டில் பல நிமிடம் நின்றால் சாகிறது. அந்த ஆண்டு முளைத்த கன்றுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

சரி, மரம் போனாலும் களை ஒழிகிறதே என்று கேட்கலாம். ஒழிவதில்லை. முதல் கோடை மழை பெய்து மூன்று வாரம் கழித்து எரிந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கருகிய உண்ணித் தண்டைக் கையால் அசைத்தால் ஒடிந்துவிடும். ஆனால் அதன் தூரில், மண்ணை ஒட்டி, நகக்கண் அளவில் நாலைந்து பச்சைத் தளிர் கிளம்பியிருக்கும். ஒரு தண்டு இருந்த இடத்தில் நான்கு தண்டு. மேலே மரம் செத்து வெயில் இறங்கியிருப்பதால் வளர்ச்சியும் வேகமாக இருக்கும். பக்கத்துப் புதர்களின் பழத்தைத் தின்ற கொண்டைக்குருவிகள் எரிந்து நிற்கும் பட்ட மரத்தில் வந்து உட்காரும். எச்சத்தோடு விழுந்த விதைகள் அந்த மரத்தடியில் வட்டமாக முளைத்திருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறை எரிப்பதால் உண்ணிச்செடி சாவதில்லை என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

இதற்கு மேல் விஷயம் அவ்வளவு தெளிவானதில்லை. தீ உண்ணியைப் பரப்புகிறது, பரவிய உண்ணி அடுத்த தீயைப் பெரிதாக்குகிறது, இப்படி ஒரு சுழற்சி இருக்கக்கூடும் என்று 2005ல் இரண்டு இந்தியச் சூழலியலாளர்கள் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். நான் கண்ணால் கண்டதோடு அது பொருந்துகிறது. ஆனால் அதே ஆய்வாளர்கள் பின்னாளில் கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் அங்கு வாழும் பழங்குடிகளான சோளகர்களிடம் உட்கார்ந்து பேசியபோது நேர் எதிரான விளக்கம் கிடைத்தது. முன்பு ஆண்டுதோறும் பனி விலகும் சமயத்தில் 'தரகு பெங்கி' வைப்போம், சருகு மட்டும் எரியும் சிறு தீ அது, அந்தத் தீயில் உண்ணியின் இளஞ்செடிகள் செத்துவிடும், காடு சரணாலயமாகித் தீ வைப்பது நின்றதால்தான் உண்ணி தலையெடுத்தது என்றார்கள் சோளகர்கள். அந்த மலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1974ல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972ல். சரணாலயத்துக்குள் யாரும் தீ வைக்கக் கூடாது என்று அதன் 30வது பிரிவு சொல்கிறது.

இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று அடித்துப்போடுவதாக நான் நினைக்கவில்லை. புல்லும் சருகும் மட்டும் இருந்த தரையில், ஈரம் முழுதாக வற்றாத தை மாதத்தில் வைத்த சிறு தீ வேறு. உண்ணி முற்றிப் புதராகிவிட்ட காட்டில் பங்குனி வெயிலில் பிடிக்கும் தீ வேறு. முன்னது இளஞ்செடியைக் கொல்லலாம், பின்னது தூரைக் கிளப்பிவிடுகிறது. இது என் கணிப்பு. இதை முழுவதும் நிரூபித்துக் காட்ட ஒரே காட்டில் பல பத்தாண்டுகள் தீயை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று உறுதி: அன்று சோளகர் செய்ததை இன்று புதர் மண்டிய காட்டில் அப்படியே செய்ய முடியாது. இதை அவர்களே சொல்கிறார்கள். இப்போது வைத்தால் காடே போய்விடும் என்று தாளவாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அவர் இன்னொன்றும் சொன்னார். நெல்லி மரங்களைக் காட்டி, கிளைக்குக் கிளை தொற்றியிருந்த புல்லுருவியைப் பார்க்கச் சொன்னார். தரைத் தீயின் புகையும் வெக்கையும் ஆண்டுதோறும் பட்டவரை இது இவ்வளவு இல்லை என்றார். புல்லுருவி வெளிநாட்டிலிருந்து வந்ததில்லை. நம் காட்டில் என்றும் இருந்ததுதான். இருந்தும் அந்த மலைகளில் நெல்லி மரங்கள் அதனால் நலிந்து வருவது ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. தீயை அறவே நிறுத்துவதும் ஒரு தலையீடுதான், அதற்கும் விலை உண்டு என்பதை அன்று அந்த மரத்தடியில்தான் உணர்ந்தேன். இது புதிதாக எழுந்த கேள்வியும் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் பர்மாவின் தேக்குக் காடுகளில் தீ புகாமல் கட்டிக்காத்தார்கள். பிற மரங்களும் மூங்கிலும் நெருக்கியடித்து, வெயில் வேண்டும் தேக்குக் கன்று எழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வனத்துறைக்குள்ளேயே இதைப் பற்றிக் கடும் விவாதம் நடந்து, கெடுபிடியைத் தளர்த்தினார்கள்.

இந்தக் கதை நம் ஊரோடு நிற்பதில்லை. ஹவாய்த் தீவுகளில் மாவி என்ற தீவு. 2023 ஆகஸ்டில் அங்கே லஹைனா நகரம் எரிந்து சுமார் 100 பேர் இறந்தார்கள். கரும்பும் அன்னாசியும் பயிரிட்டுப் பிறகு கைவிட்ட நிலங்களில் கினியா புல் போன்ற வந்தேறிப் புற்கள் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து நின்றன. புயல் காற்றில் அந்தத் தீயை யாராலும் பிடிக்க முடியவில்லை. அதே கினியா புல்லைத்தான் நாம் மாட்டுத் தீவனத்துக்கு நடுகிறோம். தினமும் அறுத்துப் போடும் தோட்டத்தில் அதனால் ஆபத்தில்லை. அறுக்க ஆளில்லாமல் காட்டோரத்தில் விட்டுவிட்டால் அதுவும் எரிபொருள்தான்.

ஹெலிகாப்டருக்கு வருகிறேன். நம்மிடம் அது இல்லவே இல்லை என்பது சரியல்ல. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கு மேல் எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வாளி கட்டித் தண்ணீர் ஊற்றின. 2023 ஏப்ரலில் உங்கள் பக்கத்து மதுக்கரை மலையில் தீ பிடித்தபோது சூலூரிலிருந்து போன ஹெலிகாப்டர் மலம்புழா அணையில் தண்ணீர் மொண்டது. 2024 மார்ச்சில் குன்னூரில் எரிந்தபோது ரேலியா அணையிலிருந்து எடுத்தார்கள். செங்குத்தான, ஆள் ஏற முடியாத சரிவில் அந்த உதவி பெரிய உதவி. ஆனால் ஒரு நடைக்குச் சில ஆயிரம் லிட்டர்தான் கொண்டுபோக முடியும். அது சுடரை அமுக்கும். விழுந்து கிடக்கும் பட்ட மரத்தின் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நெருப்பை அணைக்காது. அத்தகைய கட்டை மூன்று நாள் உள்ளுக்குள் புகைந்து, நாலாம் நாள் காற்றில் மறுபடி பிடித்துக்கொண்டதை என் சரகத்திலேயே பார்த்திருக்கிறேன். கடைசியில் யாராவது நடந்துபோய், கட்டையைப் புரட்டி, மண்ணள்ளிப் போட்டு, புறங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டு வர வேண்டும்.

செயற்கைக்கோள் எச்சரிக்கையும் அப்படித்தான். இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் இந்த எச்சரிக்கைகளை வழங்கி வருகிறது. இப்போது ஒரு புள்ளிக்கு 375 மீட்டர் அளவுக்குக் கண்டுபிடித்துக் கைப்பேசிக்கே செய்தி வருகிறது. நாங்கள் மலை உச்சியில் ஆளை நிறுத்திப் புகை பார்த்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வரம். ஆனால் அந்தச் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது பிற்பகலில் ஒரு தடவை, நள்ளிரவுக்குப் பின் ஒரு தடவை. மாலை மூன்று மணிக்குப் பற்றிய தீ அதன் கண்ணில் படுவதற்குள் ஒரு சரிவு முழுவதும் எரிந்திருக்கும். முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் மாடு மேய்ப்பவரோ, தேன் எடுக்கப் போனவரோ, உங்களைப் போன்ற காட்டோரத் தோட்டக்காரரோதான்.

அப்படியானால் எது தீயை நிறுத்துகிறது? மார்கழி, தை மாதங்களில் செய்யும் வேலைதான் நிறுத்துகிறது. தீத்தடுப்புக் கோடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காட்டுப் பாதையின் இருபுறமும், சரகத்தின் எல்லையிலும், குறிப்பிட்ட அகலத்துக்குப் புல்லையும் சருகையும் வெட்டி ஒதுக்கி, காய விட்டு, காற்று அடங்கிய நேரத்தில் ஆள் நிறுத்தி எரித்து வைப்பது. பனி ஈரம் இருப்பதால் தீ கட்டுக்குள் நிற்கும். பின்னால் பெரிய தீ வந்தால் தின்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் அங்கே அடங்கும். கேட்க எளிது. ஆனால் ஒரு சரகத்தில் இப்படிப் பல கிலோமீட்டர் போட வேண்டும். போட்டதோடு முடிவதுமில்லை. மாசியில் மேலும் இலை உதிர்ந்து கோட்டை மூடிவிடும், மறுபடி கூட்ட வேண்டும். யானை லத்தி காய்ந்து கோட்டின் குறுக்கே கிடக்கும். அது நார் அடைத்த கட்டி. ஒரு பொறி பட்டால் சுடரில்லாமல் மணிக்கணக்கில் கனன்று அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குத் தீயைக் கடத்திவிடும். கோட்டில் நடக்கும்போது லத்தியைக் காலால் உருட்டி ஓரம் தள்ளிக்கொண்டே போகப் பழங்குடித் தீத்தடுப்புக் காவலர்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எந்தக் கையேட்டிலும் நான் அதைப் படித்ததில்லை.

ஓர் ஆண்டு, எந்தச் சரகம் என்று சொல்ல வேண்டாம், தீத்தடுப்பு வேலைக்கான பணம் மாசி பாதியில்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் ஈரம் போய்விட்டது. கோடு போட வைத்த தீயே ஓர் இடத்தில் கைமீறியது. பதினெட்டுப் பேர் இரவு முழுக்க நின்று மடக்கினோம். காவலர் ஒருவரின் காலணி அடிப்பகுதி உருகி ஒட்டிக்கொண்டது. அவர் தினக்கூலி. காட்டைக் காக்கும் செலவில் முதல் செலவு இந்த மனிதர்களுக்கு மார்கழி பிறக்கும் முன்பே கூலியும் நல்ல காலணியும் கொடுப்பதுதான் என்று அன்றிலிருந்து கேட்பவரிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

இந்தியாவில் காட்டுத்தீயில் மிகப் பெரும்பங்கு மனிதனால் வருவது. மூங்கில் உரசித் தீப்பிடிக்கும் என்பார்கள்; என் பணிக்காலத்தில் அப்படி ஒரு தீயையும் நான் உறுதி செய்ததில்லை. புதுப்புல் வேண்டும் என்று வைப்பார்கள். உதிர்ந்த மான்கொம்பு தேடத் தரை தெரிய வேண்டும் என்று வைப்பார்கள். சாலையில் பீடித்துண்டு, கோயிலுக்கு வந்தவர் சமைத்த அடுப்பு, சில நேரம் வனத்துறை மேல் உள்ள கோபம். கடைசியில் சொன்னதை எந்தக் கோட்டாலும் தடுக்க முடியாது. ஊரோடு உறவு நன்றாக இருந்த சரகங்களில் தீ குறைவாக இருந்தது என்பது என் அனுபவம்.

பூச்சிக்கும் களைக்கும் மருந்து என்ற கேள்விக்கு, காட்டுக்குள் களைக்கொல்லி அடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மருந்துக்கு உண்ணி வேறு, நெல்லிக்கன்று வேறு என்ற பேதம் தெரியாது. ஓடையில் இறங்கி அணைக்கும் போகும். ஆனால் உயிரை உயிரால் அடக்கும் வழி ஒன்று இருக்கிறது, அதில் நம் மண்ணிலேயே பெரிய வெற்றியும் உண்டு, பாடமும் உண்டு. நம் தாத்தாக்கள் காலத்தில் சப்பாத்திக்கள்ளி தென்னிந்தியாவில் வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது. 1926ல் இலங்கை வழியாகக் கொண்டுவந்து விட்ட ஒரு வகைக் கள்ளிப்பூச்சி, உடம்பில் வெள்ளைப் பஞ்சு அப்பியது போன்ற சிறு பூச்சி, சில ஆண்டுகளில் அதை அடக்கிவிட்டது. இன்று சப்பாத்திக்கள்ளியை வேலியோரத்தில்தான் பார்க்கிறோம் என்றால் அந்தப் பூச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அண்மைக் கதை உங்களுக்கே நினைவிருக்கும்: 2008ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. விவசாயிகள் அடிக்காத மருந்தில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுள்ள குளவி. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, மருந்தால் முடியாததைச் சில மாதங்களில் முடித்தது.

உண்ணிச்செடிக்கும் இதே வழியை உலகமெங்கும் முயன்றார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிதான் அதன் தாயகம். 1800களின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்தது. அதன் தாயகத்துப் பூச்சிகளில் ஒன்றான, இலைச் சாற்றை உறிஞ்சும் ஒரு வகைச் சரிகை நாவாய்ப்பூச்சி இன்று நம் நாட்டிலும் பரவியிருக்கிறது. வெயில் காலத்தில் உண்ணி இலை வெளுத்துச் சுருங்கியிருப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் அதன் வேலைதான். ஆனால் மழை வந்தால் செடி மறுபடி தழைத்துவிடுகிறது. உகாண்டாவில் அதே பூச்சி எள்ளுப் பயிருக்குத் தாவியது. ஒரு வந்தேறியை அடக்க இன்னொன்றைக் கொண்டுவருவதற்கு முன் ஆண்டுக்கணக்கில் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான். தவறிவிட்டால் திரும்ப அழைக்க முடியாது.

பூச்சிகள் வந்து சேரும் வழியில் நம் கை நிறைய இருக்கிறது. தைல மரத்தின் இளந்தளிரில் முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் குளவி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. 2001ல் தென்னிந்தியாவில் தென்பட்டு, நாற்றுகளோடு நாற்றாகப் பயணம் செய்தது. மிளகுக் கொடி ஏற்றும் கல்யாண முருங்கையை அதே விதமாகத் தாக்கும் இன்னொரு குளவி சில ஆண்டுகள் கழித்து வந்தது. மரப்பெட்டி, மரச்சட்டம் இவற்றின் உள்ளே துளைப்பான் வண்டுகள் நாடு விட்டு நாடு போகின்றன. அதனால்தான் ஏற்றுமதிக்குப் பயன்படும் மரச்சட்டங்களை, உள்ளே நடுப்பகுதிவரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் இருக்கும்படி பதப்படுத்தி, கோதுமைக் கதிர் முத்திரை குத்த வேண்டும் என்று பன்னாட்டு விதி இருக்கிறது. உங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கழித்துப்போடும் மரச்சட்டங்களை மலிவாக வாங்கித் தோட்டத்தில் அடுக்கி வைப்பவர்கள் உண்டு. முத்திரை இல்லாத, துளையும் மாவும் தெரியும் மரத்தைக் காட்டோரத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

இனி களையை அகற்றும் வேலை. உண்ணியை வெட்டினால் தழைக்கும். இயந்திரத்தால் பிடுங்கினால் மண் புரண்டு, புதைந்திருந்த விதை மேலே வந்து முளைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழு வகுத்த முறைதான் நான் பார்த்தவற்றில் சிறந்தது. குந்தாலியால் தூரைச் சுற்றிச் சிறிது மண்ணை விலக்கி, ஆணிவேரை மண்ணுக்குள் இரண்டு அங்குல ஆழத்தில் வெட்ட வேண்டும். தளிர்க்கும் கண்கள் அந்த இடத்துக்கு மேல்தான் இருக்கின்றன. பிறகு புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும், வேர் வானம் பார்க்க. தரையைத் தொட்டால் தண்டும் வேர் விடும் செடி இது. பழகிய இருவர் சேர்ந்தால் ஒரு புதருக்குச் சில நிமிடம்தான். கடினமான பகுதி அதற்குப் பிறகு வருகிறது. அடுத்த மழையிலும் அதற்கடுத்த மழையிலும் திரும்பிப் போய், முளைத்த கன்றுகளைக் கையால் பிடுங்கி, அந்த இடத்தில் நம் புல் வேர் பிடிக்கும்வரை காவல் இருக்க வேண்டும். முதலாண்டு அகற்றியதைப் படம் எடுத்துக்கொண்டு, இரண்டாம் ஆண்டு யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்ட இடங்கள் மூன்றாம் ஆண்டில் முன்னைவிட மோசமாக இருந்ததைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

தமிழ்நாடு அரசு 2022ல் அந்நியத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றையை, 'சென்னா ஸ்பெக்டாபிலிஸ்' என்ற அந்நிய மரத்தை, வெட்டி அரசின் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிக் குச்சியில் செய்த ஆளுயர யானைகள் லண்டன் பூங்காக்கள்வரை போய் நின்றன. இவை எல்லாம் நல்லவை, பலருக்குக் கூலி கொடுப்பவை. ஆனால் நாடு முழுவதும் உண்ணி பிடித்திருக்கும் காடு ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அது அதிகம். உண்ணிக் குச்சியில் யானையும் நாற்காலியும் செய்து தீர்க்கும் அளவில்லை. எந்த இடத்தை மீட்பது, எதை இப்போதைக்கு விடுவது என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். நீர்நிலை ஓரம், யானைப் பாதை, ஊரை ஒட்டிய பட்டை ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் வேலி அதில் மூன்றாவது.

ஆகவே வேலியைக் கொளுத்தாதீர்கள். காட்டின் எல்லையில் வைக்கும் தீ சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். மலைச்சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும். பத்து டிகிரி சரிவு கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் புல் சரிவில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் வேலியில் கிளம்பும் தீக்கு மேலே அந்த நேரத்தில் யார் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

இந்தக் கோடைக்கு முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் பட்டா நிலத்தின் பக்கம் இருபதடி அகலத்துக்கு உண்ணியை வெட்டி, தரையைச் சுத்தமாகக் கூட்டி வையுங்கள். வெட்டியதை மரங்களுக்கு அடியில் குவிக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த தண்டு நல்ல அடுப்பு விறகு. மாடு இருந்தால் வெட்டிய இலைப்பக்கம் விடாதீர்கள், தின்றால் ஈரல் கெடும். வேரறுக்கும் வேலையை ஆடியில் முதல் மழைக்குப் பிறகு தொடங்குங்கள். அப்போது கவிழ்த்து வைத்த புதர் அடுத்த தைக்குள் நைந்துவிடும், எரிபொருளாக மிஞ்சாது. வெறுமையான இடத்தில் கொழுக்கட்டைப் புல் விதையுங்கள். உங்கள் பக்கத்து மண்ணுக்கு அது நன்றாக வரும். மார்கழியில் அதை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டால் மாசியில் எரிய ஒன்றும் இருக்காது. எல்லைக்கு அப்பால் இருக்கும் புதரில் நீங்களாகக் கை வைக்க முடியாது. ஐப்பசிக்குள் சரக அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்தால் தீத்தடுப்புக் கோட்டை உங்கள் எல்லையோடு இணைத்துப் போட அவர்களுக்கு நேரம் இருக்கும். வேலியோரத்தில் பட்ட மரம் ஏதாவது நின்றால் மழை விட்டதும் அதன் அடியில் போய்ப் பாருங்கள், குருவி போட்ட விதை முதலில் முளைப்பது அங்கேதான்.

உங்கள் நிலம் காட்டுக்குக் கீழே இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா, மாலைக் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று எழுதினால், அந்த இருபதடி போதுமா என்று சொல்கிறேன்.